கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் பேட்டரி: தேர்ந்தெடுப்பதும் இணைப்பதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் எந்த பிராசசர், எத்தனை ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அதோடு சேர்த்து வாங்கும் இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தில் மட்டும், "150 போட்டுக்குங்க சார், கவலையே இல்லை" என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்றுக் கொள்கிறோம். ராம் தேர்வில் தவறினால் கம்ப்யூட்டரின் வேகம்தான் குறையும். பேட்டரி தேர்வில் தவறினால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பொருள் இரண்டே ஆண்டில் வீணாகும். ஒயர் இணைப்பில் தவறினால் வீட்டில் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தில் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் இன்வெர்ட்டர் பல வீடுகளுக்குள் நுழைந்தது. இன்று அந்த நிலைமை இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிற்கும் மின்சாரம் மதியத்திற்குப் பிறகு வரும் நாட்கள் உண்டு. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பும், வீட்டிலிருந்து பார்க்கும் அலுவலக வேலையும் அதுவரை காத்திருக்காது. எனவே பேட்டரியை எப்படிக் கணக்கிட்டு வாங்குவது, எப்படி இணைப்பது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். பள்ளிக் கணக்கு தெரிந்தால் போதும்.

யூபிஎஸ், இன்வெர்ட்டர்: என்ன வித்தியாசம்?

கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 ஏஹெச் அளவுள்ள சிறிய பேட்டரி ஒன்று இருக்கும். ஒரு கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் அது பத்து நிமிடம் அளவுக்குத் தாங்கும். ஃபைலை சேவ் செய்து கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்யத்தான் அது. மணிக்கணக்கில் வேலை பார்க்க இன்வெர்ட்டர் வேண்டும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் பலர், "கரண்ட் போனால் விளக்கும் ஃபேனும் நிற்கவில்லை, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதே" என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ், மின்சாரம் நின்ற பிறகு சுமார் 16 மில்லி செகண்ட் மட்டுமே தாக்குப் பிடிக்கும். இன்வெர்ட்டர் அதற்குள் பேட்டரிக்கு மாறிவிட வேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் 'யூபிஎஸ் மோடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் சுமார் 10 மில்லி செகண்ட்டில் மாறிவிடும். சாதாரண மோடில் இதைவிட அதிக நேரம் எடுக்கும். ஃபேனுக்கு அந்த இடைவெளி தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும். வாங்கும்போது 'சைன் வேவ்' வகை இன்வெர்ட்டரா, யூபிஎஸ் மோடு உள்ளதா என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

முதலில் வாட் கணக்கு

பேட்டரி கடைக்குப் போகும் முன் ஒரு தாளில், கரண்ட் போனால் எவையெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு:

கம்ப்யூட்டர் (தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதது) - 100 வாட்
22 அங்குல எல்இடி மானிட்டர் - 25 வாட்
மோடமும் வைஃபை ரவுட்டரும் - 10 வாட்
சாதாரண மின்விசிறி 1 - 75 வாட்
எல்இடி டியூப் லைட் 2 - 40 வாட்
மொத்தம் - 250 வாட்

இது ஒரு மாதிரிப் பட்டியல். உங்கள் பொருளின் பின்புறம் ஒட்டியுள்ள லேபிளைப் பார்த்து எழுதவும். எஸ்எம்பிஎஸ் மீது 450 வாட் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். அது கொடுக்கக்கூடிய உச்ச அளவுதான் அது, எப்போதும் எடுக்கும் அளவு அல்ல. அதே சமயம் கேம் விளையாடுவதற்கான கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 100 வாட் என்பது பல மடங்காகலாம்.

லேசர் பிரிண்டர், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். லேசர் பிரிண்டர் தன் உருளையைச் சூடாக்கும் சில விநாடிகளில் மட்டும் 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். அந்த ஒரு இழுப்பில் இன்வெர்ட்டர் ஓவர்லோட் காட்டி நின்றால், கம்ப்யூட்டரும் சேர்ந்து நிற்கும்.

இங்கேயே பணத்தை மிச்சப்படுத்தலாம். 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி மாட்டினால் மொத்தம் 205 ஆகிவிடும்.

ஏஹெச் என்னும் எண் சொல்லாத விஷயம்

பேட்டரி மீது '12 வோல்ட், 150 ஏஹெச்' என்று எழுதியிருக்கும். ஏஹெச் என்பது ஆம்பியர் ஹவர், அதாவது ஆம்பியரையும் மணி நேரத்தையும் பெருக்கினால் வரும் எண். கடையில் நடக்கும் கணக்கு இப்படி இருக்கும்: 12 × 150 = 1800. உங்கள் லோடு 250. வகுத்தால் 7 மணி நேரத்திற்கு மேல் ஓடும்!

ஓடாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், இன்வெர்ட்டர் தானே கொஞ்சம் சாப்பிட்டுவிடும். பேட்டரியின் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வரை வெப்பமாகப் போகும். 250 வாட் கொடுக்க, பேட்டரியிலிருந்து 310 வாட்டுக்கு மேல் எடுக்க வேண்டும். அதாவது 12 வோல்ட்டில் சுமார் 26 ஆம்பியர்.

இரண்டாவது, 150 என்பது 20 மணி நேரக் கணக்கு. பேட்டரி மீது 'சி20' என்று சிறிய எழுத்தில் இருப்பதைக் கவனியுங்கள். 7.5 ஆம்பியர் அளவில் மெதுவாக எடுத்தால் 20 மணி நேரம் வரும் என்பதே அதன் பொருள். நாம் எடுப்பதோ 26 ஆம்பியர். வேகமாக எடுக்க எடுக்க லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும். 1897இல் பூக்கெர்ட் என்ற ஜெர்மானியர் இதைச் சூத்திரமாகவே எழுதி வைத்தார். நம் எடுத்துக்காட்டில் 150 என்பது சுமார் 115 முதல் 120 ஆகிவிடும்.

மூன்றாவது, பேட்டரியை அடிவரை வடிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் முழுவதும் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். லேபிளில் உள்ள எண்ணில் பாதியை மட்டுமே நம்முடையது என்று வைத்துக் கொள்வது நல்லது. இரண்டாவது காரணத்தால் வரும் சுருக்கமும் இந்தப் பாதிக்குள் அடங்கிவிடும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். நமக்கு 3 மணி நேரம் வேண்டும்.

250 × 3 = 750
750 ÷ 0.8 (இன்வெர்ட்டர் இழப்பு) = சுமார் 940
940 ÷ 12 = சுமார் 78 ஏஹெச்
பாதி மட்டுமே எடுப்பதால் 78 × 2 = 156

ஆக, 3 மணி நேரத்திற்கே 150 ஏஹெச் பேட்டரி தேவை. முழுவதும் வடித்தால் புதிய பேட்டரியில் நாலரை மணி நேரம் வரலாம். ஏழு மணி நேரம் வராது. 5 மணி நேரம் வேண்டும் என்பவர் பெரிய பேட்டரியைத் தேடும் முன் பட்டியலில் எதை நீக்கலாம் என்று பார்ப்பது லாபம்.

பெரிய பேட்டரி வாங்கினால் எப்போதும் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். இன்வெர்ட்டரின் சார்ஜர் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று பாருங்கள். பேட்டரியின் ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150க்கு 15 ஆம்பியர் இருப்பது நல்லது. 10 ஆம்பியர் சார்ஜரில் 220 ஏஹெச் பேட்டரியை மாட்டினால், அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் அது நிரம்பவே நிரம்பாது. நிரம்பாத பேட்டரியின் தகடுகளில் லெட் சல்பேட் படிந்து இறுகிவிடும். பல பேட்டரிகள் கெட்டுப் போவது இப்படித்தான்.

எந்த வகை பேட்டரி?

ட்யூபுலர் பேட்டரி: தகடுகள் குழாய் வடிவ உறைக்குள் இருக்கும். ஆழமாக வடிந்து மீண்டும் சார்ஜ் ஏறுவதைத் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு ஏற்றது. அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஃப்ளாட் பிளேட் பேட்டரி: விலை குறைவு, ஆயுளும் குறைவு. எப்போதாவது சிறிது நேரம் மட்டும் கரண்ட் போகும் இடத்திற்குப் போதும்.

எஸ்எம்எஃப்: மூடிய வகை. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் வெப்பத்தையும் ஆழமாக வடிவதையும் ட்யூபுலர் அளவுக்குத் தாங்காது.

லித்தியம்: இப்போது வீட்டு இன்வெர்ட்டருக்கும் வருகிறது. பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. எடை குறைவு, கொள்ளளவில் 80 சதவீதத்திற்கு மேல் தாராளமாக எடுக்கலாம், விலை அதிகம். உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியத்திற்கான செட்டிங் இருந்தால் மட்டுமே இணைக்க வேண்டும்.

கார் பேட்டரி: வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று இதை மாட்டாதீர்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சில விநாடிகள் அதிகக் கரண்ட் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது அது. மணிக்கணக்கில் வடித்தால் சீக்கிரம் செத்துவிடும்.

ஒரு பேட்டரியா, இரண்டா?

சுமார் 900 விஏ வரையுள்ள சிறிய இன்வெர்ட்டர்களுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி போதும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் 24 வோல்ட், அதாவது இரண்டு பேட்டரி கேட்கும். இரண்டு பேட்டரிகளை இரண்டு விதமாக இணைக்கலாம். டார்ச் லைட்டில் செல் போடுவதை நினைத்துக் கொள்ளுங்கள்.

சீரீஸ் என்னும் தொடர் இணைப்பில், முதல் பேட்டரியின் மைனஸ் இரண்டாவதன் பிளஸ்ஸோடு சேரும். வோல்ட் கூடும், ஏஹெச் மாறாது. இரண்டு 12 வோல்ட் 150 ஏஹெச் பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் 150 ஏஹெச் ஆகும்.

பேரலல் என்னும் பக்க இணைப்பில், பிளஸ்ஸும் பிளஸ்ஸும், மைனஸும் மைனஸும் சேரும். வோல்ட் மாறாது, ஏஹெச் கூடும். இங்கே 12 வோல்ட் 300 ஏஹெச் கிடைக்கும்.

இன்வெர்ட்டர் மீது 24 வோல்ட் என்று இருந்தால் தொடர் இணைப்பு மட்டும்தான். 12 வோல்ட் இன்வெர்ட்டருக்குத் தப்பித் தவறி 24 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் பாகங்கள் புகைந்துவிடும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம்

250 வாட் லோடு 230 வோல்ட் பக்கத்தில் எடுப்பது சுமார் 1 ஆம்பியர்தான். அதே லோடு 12 வோல்ட் பேட்டரி பக்கத்தில் 26 ஆம்பியர் எடுக்கும் என்று மேலே பார்த்தோம். பேட்டரி ஒயர் தடிமனாக இருப்பது இதனால்தான்.

இன்வெர்ட்டர் ஹாலில், பேட்டரி பால்கனியில் என்று 5 மீட்டர் தள்ளி வைத்து, கையில் கிடைத்த 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயரால் இணைக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். போக வர 10 மீட்டர். 26 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே 1.1 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12.3 வோல்ட் இருந்தாலும் இன்வெர்ட்டருக்குக் கிடைப்பது 11.2தான். பேட்டரி பாதி நிரம்பியிருக்கும்போதே 'லோ பேட்டரி' என்று கத்த ஆரம்பிக்கும். நீங்கள் பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவீர்கள்.

அதே லோடுக்கு 16 ஸ்கொயர் எம்.எம். ஒயரை 1 மீட்டர் நீளத்தில் போட்டால் இழப்பு 0.06 வோல்ட்டுக்கும் குறைவு. எனவே இன்வெர்ட்டருடன் வந்த பேட்டரி ஒயரை ஒட்டுப் போட்டு நீட்டாதீர்கள். தூரமாக வைத்தே ஆக வேண்டுமென்றால், இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அருகருகே வைத்துவிட்டு, 230 வோல்ட் பக்க ஒயரை நீட்டச் சொல்லுங்கள்.

இணைக்கும் முறை

எலக்ட்ரீஷியன் வந்து செய்தாலும் பக்கத்தில் நின்று இவற்றைச் சரிபாருங்கள்.

1. இடம்: காற்றோட்டமான, வெயில் படாத, சமமான இடம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் பற்றிக் கொள்ளும். பூஜை விளக்கு, அடுப்பு ஆகியவற்றின் அருகிலோ, மூடிய அலமாரிக்குள்ளோ வைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழேயும் கூடாது. ஆசிட் ஆவி போர்டுகளை அரித்துவிடும்.

2. இன்வெர்ட்டரை ஆஃப் செய்து, மெயின் பிளக்கையும் எடுத்துவிடவும். கையில் உள்ள மோதிரம், வளையல், வாட்ச் அனைத்தையும் கழற்றவும். ஸ்பானரின் கைப்பிடி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றவும். பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஸ்பானர் விழுந்தால் பெரிய தீப்பொறியோடு அது பழுத்துவிடும்.

3. மல்டிமீட்டரால் ஒவ்வொரு பேட்டரியையும் அளக்கவும். ஓய்வில் இருக்கும் முழு பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.2 என்றால் சுமார் பாதி. இரண்டு பேட்டரி என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

4. இரண்டு பேட்டரி என்றால், முதலாவதன் மைனஸையும் இரண்டாவதன் பிளஸ்ஸையும் தடிமனான குட்டை ஒயரால் இணைக்கவும். இப்போது மீதி இருப்பது ஒரு பிளஸ், ஒரு மைனஸ். அவற்றுக்கு நடுவே அளந்தால் 25 வோல்ட் அளவு வர வேண்டும். 0 வந்தால் இணைப்பு தவறு. அதைச் சரிசெய்யும் வரை இன்வெர்ட்டரைத் தொடாதீர்கள்.

5. சிவப்பு ஒயர் பிளஸ்ஸுக்கு. பேட்டரிக்கு அருகிலேயே இந்த ஒயரில் தகுந்த ஃபியூஸ் இருப்பது பாதுகாப்பு. கறுப்பு ஒயரைக் கடைசியாக மைனஸில் இணைக்கவும். சின்னப் பொறி ஒன்று வரலாம், பயப்பட வேண்டாம். கழற்றும்போது கறுப்பு முதலில்.

6. நட்டை நன்றாக இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவவும். தளர்ந்த இணைப்பு சூடேறி டெர்மினலையே உருக்கிவிடும்.

7. இன்வெர்ட்டரின் பின்புறம் பேட்டரி வகைக்கான சுவிட்ச் இருந்தால் ட்யூபுலரா, எஸ்எம்எஃப்பா என்று சரியாக வைக்கவும். பிறகு மெயினைப் போட்டு, முதல் முறை 10 முதல் 12 மணி நேரம் சார்ஜ் ஏறவிடவும்.

230 வோல்ட் பக்க வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். முக்கியமாக, இரண்டு பக்கமும் பிளக் உள்ள ஒயரைச் செய்து, இன்வெர்ட்டர் அவுட்புட்டைச் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கையில் இருக்கும் பிளக்கின் பின்னே ஷாக் அடிக்கும். மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போய், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் உயிரைப் பறிக்கவும் கூடும்.

பழையதும் புதியதும் சேராது

இது என் சொந்த அனுபவம். வீட்டில் 24 வோல்ட் இன்வெர்ட்டர், இரண்டு பேட்டரி. நாலாவது ஆண்டு ஒன்று போய்விட்டது. மற்றது நன்றாக இருப்பதாகக் கடையில் சொன்னார்கள். எதற்கு வீண் செலவு என்று ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி மாட்டினேன். ஒன்றரை ஆண்டுக்குள் அந்தப் புதிய பேட்டரி பழையதைவிட மோசமாகிவிட்டது. ஒரு பேட்டரிப் பணத்தை மிச்சப்படுத்தப் போய், கடைசியில் மூன்று வாங்கியதாக முடிந்தது.

என்ன நடந்தது? தொடர் இணைப்பில் இரண்டுக்கும் ஒரே கரண்ட்தான் போகும். சார்ஜர் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, மொத்த வோல்ட்டை மட்டுமே பார்க்கும். பழைய பேட்டரியின் கொள்ளளவு குறைந்திருப்பதால் அது சீக்கிரம் நிரம்பி, அதன் வோல்ட் எகிறும். மொத்த அளவு வந்துவிட்டதென்று சார்ஜர் கரண்ட்டைக் குறைத்துவிடும். புதியது அரைவயிற்றோடு நிற்கும். தினமும் இப்படியே நடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

ஆகவே மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே ஏஹெச், முடிந்தால் ஒரே மாதத் தயாரிப்பு. லித்தியத்தையும் லெட் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்க வேண்டாம்.

மாதம் பத்து நிமிடம்

ட்யூபுலர் பேட்டரியின் மூடியில் உள்ள மிதவைகளை மாதம் ஒரு முறை பாருங்கள். சிவப்புக் குறிக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும். குழாய்த் தண்ணீரோ, மினரல் வாட்டர் என்று விற்கும் குடிநீரோ கூடாது. அவற்றில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஆசிட்டும் ஊற்றக் கூடாது, குறைவது தண்ணீர் மட்டுமே. மேல் குறிக்கு மேலே போகாமல் நிறுத்துங்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகள் கைபடாத இடத்தில் வையுங்கள்.

கரண்ட்டே போகாத மாதங்களிலும் ஒரு நாள் மெயினை ஆஃப் செய்து அரைமணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதன் பலவீனம் அன்றே தெரிந்துவிடும். பிள்ளை பிராஜக்ட் முடிக்கும் இரவில் தெரிய வேண்டாம்.

பழைய பேட்டரியைத் தெருவில் வரும் பழைய பொருள் வியாபாரியிடம் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் அதற்குரிய தொகையையும் கழித்துக் கொள்வார்கள்.

கடைசியாக ஒன்று. பேட்டரி மாட்டிய தேதியையும், உங்கள் 250 வாட் போன்ற லோடு கணக்கையும் ஒரு தாளில் எழுதி, வாரண்டி அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது "எத்தனை ஏஹெச் போடலாம்?" என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது. நீங்களே சொல்லிவிடலாம்.